கையை விட்டகன்ற கல்

கல் ஒன்றைக் கையில் எடுத்து வீசுகிறோம். கை அதனைத் தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் அது செல்வதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் கையை விட்டகன்ற பின்னரும் அது சென்றுகொண்டே இருக்கின்றதே, அப்போது அதனைச் செலுத்துவது எது?

சிறு பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. ஆயினும் இதற்குச் செம்மையான விடை காண மனித குலத்திற்கு ஏறத்தாழ 2000 ஆண்டுகள் பிடித்தன. ஏதென்ஸ் நகரில் எழுந்த இக்கேள்வி அலெக்ஸாந்திரியா, பக்தாத், ஹமதான், ஸரகோஸா, பாரிஸ், பைசா எனப் பல நகரங்களின் அறிஞர்களிடம் கைமாறிச் சென்று, இறுதியில் கேம்பிரிட்ஜில் முடிவுற்றது. அப்பயணத்தின் நடுப்பகுதியில் முஸ்லிம் உலகின் அறிஞர்கள் நிற்கின்றனர்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இன்று இயக்க விதிகள் மூன்றையும் ஒரே பாடத்தில் படித்து முடித்துவிடுகின்றனர். பாடநூல்கள் பலவற்றில் அரிஸ்டாட்டிலின் பெயர் வரும். அடுத்த வரியிலேயே கலீலியோ வந்துவிடுவார். இடைப்பட்ட 1900 ஆண்டுகளில் எவரும் எதுவும் சிந்திக்கவில்லை போலும் என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கின்றனர். இதற்கு நேர்மாறாக, நியூட்டன் கண்டவை யாவும் நம்மவர் முன்பே கண்டவைதாம் என்ற முழக்கத்தையும் நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஒன்று மறதி, மற்றொன்று மிகை. இவ்விரண்டையும் விலக்கி, யார் எதைக் கண்டார், யார் எதைக் காணாது விட்டார் என்பதை முறையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தள்ளுவோன் இன்றிச் செலவு இல்லை

கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்த அரிஸ்டாட்டில், இயக்கத்தை இருவகையாகப் பிரித்தார். கல் கீழே விழுவதும் தீ மேலே எழுவதும் இயற்கை இயக்கங்கள். வண்டி இழுக்கப்படுவதும் கல் எறியப்படுவதும் வலிந்து நிகழும் இயக்கங்கள். வலிந்து நிகழும் இயக்கத்திற்குத் தள்ளுவோன் ஒருவன் வேண்டும். அவன் பொருளைத் தொட்டுக்கொண்டும் இருத்தல் வேண்டும். தள்ளுதல் நின்றால் இயக்கமும் நின்றுவிடும். இதுவே அவருடைய கொள்கை.

இதனைப் பேதைமை என்று தள்ளிவிடலாகாது. மாடு நின்றால் வண்டி நிற்கின்றது. துடுப்பை நிறுத்தினால் ஓடமும் சற்று நேரத்தில் நின்றுவிடுகின்றது. அன்றாட வாழ்வு நமக்குக் காட்டுவது இதனையே. உராய்வு எனும் மறைந்த பகைவன் எங்கும் நிறைந்திருக்கும் இவ்வுலகில், அவனைக் கண்டுகொள்ளாதவர் எவரும் அரிஸ்டாட்டிலின் முடிவுக்கே வந்து சேர்வர்.

எனினும் எறிந்த கல் அவருக்கும் இடராகவே இருந்தது. தொடுகின்ற கை இல்லாதபோது அதனைத் தள்ளுவது எது? காற்றே என்றார் அவர். கை கல்லை அசைக்கும்போது சுற்றியுள்ள காற்றையும் அசைக்கின்றது. அக்காற்று அடுத்த காற்றை அசைத்துக் கல்லை முன்னே செலுத்துகின்றது என்பது அவர் தந்த விளக்கம். இவ்விளக்கத்தோடு மற்றொரு முடிவும் சேர்ந்தே வந்தது. ஊடகம் எவ்வளவு மெலிதோ அவ்வளவு வேகமாகப் பொருள் செல்லும் என்றால், ஊடகமே இல்லாத வெற்றிடத்தில் வேகத்திற்கு எல்லையே இராது. அது நடவாத காரியம். ஆகவே வெற்றிடம் என்பதே இல்லை என்று அவர் முடித்தார்.

அலெக்ஸாந்திரியாவின் மறுப்பு

கி.பி. ஆறாம் நூற்றாண்டில், அலெக்ஸாந்திரியாவில் ஜான் ஃபிலோபோனஸ் எனும் கிறிஸ்தவ அறிஞர் வாழ்ந்தார். அரபு நூலோர் இவரை யஹ்யா அந்நஹ்வீ, அதாவது இலக்கண அறிஞர் யஹ்யா என்று அழைத்தனர். அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூலுக்கு இவர் எழுதிய உரை கி.பி. 517ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

காற்றுதான் கல்லைத் தள்ளுகின்றது என்றால், கல்லைத் தொடாமலே அதன் பின்னேயுள்ள காற்றை மட்டும் அசைத்து அதனைப் பறக்கவிட முடிய வேண்டுமே என்று இவர் வினவினார். அது இயலாது என்பதை எவரும் அறிவர். எனவே எறிபவனின் கை கல்லுக்குள்ளேயே ஓர் ஆற்றலைப் பதித்துவிடுகின்றது. அவ்வாற்றலே கல்லைக் கொண்டு செல்கின்றது. காற்று அதற்குத் துணையன்று, தடையே என்றார். மேலும், ஒன்றைவிட மற்றொன்று பலமடங்கு பாரமுள்ள இரு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால் அவை தரையை அடையும் நேரத்தில் பெரிய வேறுபாடு காணப்படுவதில்லை என்றும் எழுதிவைத்தார். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட சொற்கள் இவை.

பின்னர் பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்ட காலம் வந்தது. அரிஸ்டாட்டிலின் இயற்பியல் நூலை இஸ்ஹாக் இப்னு ஹுனைன் மொழிபெயர்த்தார். தந்தை ஹுனைனைப் போலவே இவரும் கிறிஸ்தவர்; கலீஃபாக்களின் ஆதரவில் பணியாற்றிய பெருமகனார். இம்மொழிபெயர்ப்பின் கைப்படி ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றது. அரிஸ்டாட்டிலின் வாதமும் யஹ்யாவின் மறுப்பும் இவ்வாறு முஸ்லிம் அறிஞர்களின் கைக்கு வந்து சேர்ந்தன.

இப்னு ஸீனாவும் முடிவிலாச் செலவும்

மருத்துவ மேதை என உலகம் போற்றும் இப்னு ஸீனா, கி.பி. 980இல் புகாராவை அடுத்த சிற்றூரில் பிறந்து 1037இல் ஹமதானில் மறைந்தவர். அவருடைய பெருநூலாகிய 'அஷ்ஷிஃபா' அமைதியான மண்டபத்தில் அமர்ந்து எழுதப்பட்டதன்று. அரசியல் புயலில் சிக்கிய அவர், ஹமதானில் மருந்து வணிகர் ஒருவரின் இல்லத்தில் மறைந்திருந்தபோது நாளொன்றுக்கு ஐம்பது ஏடுகள் வீதம் அந்நூலை எழுதிச் சென்றதாக அவருடைய மாணவர் ஜூஸ்ஜானி குறித்து வைத்துள்ளார்.

எறிந்த கல்லைப் பற்றி இப்னு ஸீனா ஆழ்ந்து சிந்தித்தார். கல்லுக்குள் இருப்பது 'மய்ல்' என்றார் அவர். சாய்வு, நாட்டம் என்பது இவ்வரபுச் சொல்லின் பொருள். காற்று நிறைத்த தோற்பையை நீருக்குள் அமிழ்த்திப் பிடித்தால் அது மேலெழத் துடிப்பதைக் கை உணர்கின்றதல்லவா? பொருளினுள் நாம் உணரும் அத்தகைய உந்துதலே மய்ல் ஆகும். கல் கீழ்நோக்கி அழுத்துவது இயற்கை மய்ல். எறிபவன் அதில் ஏற்றியது வலிந்து வந்த மய்ல்.

இனித்தான் முதன்மையான கட்டம் வருகின்றது. வலிந்து ஏற்றப்பட்ட மய்ல் தானாகத் தேய்ந்து போகுமா? போகாது என்றார் இப்னு ஸீனா. காற்று முதலிய தடைகளே அதனைத் தேய்க்கின்றன. அப்படியானால் தடையே இல்லாத வெற்றிடத்தில் எறிந்த கல் என்னவாகும்? அது நிற்கக் காரணமே இல்லை. முடிவின்றிச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். இந்த முடிவை அவர் தெளிவாகவே கண்டார். கண்ட பின்னர், அவ்வாறு முடிவின்றிச் செல்லும் எறிபொருள் எதையும் நாம் பார்த்ததில்லை. ஆகவே வெற்றிடமும் இல்லை என்று அவர் தீர்மானித்தார்!

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தடையற்ற பொருள் ஓயாது செல்லும் என்ற உண்மை அவர் கைக்கு எட்டியது. ஆனால் அதனை அவர் ஏற்கவேண்டிய உண்மையாகக் கொள்ளவில்லை. வெற்றிடத்தை மறுப்பதற்கான சான்றாகவே கையாண்டார். வாயில்வரை வந்து, கதவின் மேல் கை வைத்து, அது திறக்கலாகாத கதவு என எண்ணித் திரும்பியவர் அவர். 1977ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர்-1 எனும் விண்கலம், உந்து பொறியின் துணையின்றி விநாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் கதிரவனின் எல்லையையும் கடந்து சென்றுகொண்டிருக்கின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு ஸீனா நடவாதது என ஒதுக்கிய அக்காட்சியே இன்று நம் காலத்தில் நடந்துகொண்டிருக்கின்றது.

ஸரகோஸாவின் கழித்தற்கணக்கு

ஸ்பெயின் நாட்டு ஸரகோஸாவில் பிறந்து, 1138ஆம் ஆண்டளவில் மொராக்கோ நாட்டு ஃபாஸ் நகரில் மறைந்த இப்னு பாஜ்ஜா, அரிஸ்டாட்டிலின் வெற்றிட வாதத்தையே தகர்க்க முயன்றார். வேகம் என்பது விசையைத் தடையால் வகுத்துக் காண்பதன்று. தடை இல்லாதபோது பொருளுக்குரிய வேகத்திலிருந்து, தடையால் விளையும் குறைவைக் கழித்துக் காண்பது என்பது அவர் வாதம்.

ஓர் எளிய எண்ணால் இதனை விளக்குவோம். விசை 12, தடை 3 என்போம். அரிஸ்டாட்டில் வழியில் வகுத்தால் 4 வரும். தடை சுழியானால் வகுத்தற்கணக்கு எல்லை கடந்து ஓடிவிடும், வெற்றிடம் நடவாததாகிவிடும். இப்னு பாஜ்ஜா வழியில் கழித்தால் 9 வரும். தடை சுழியானாலும் 12 என்ற அளவான விடையே கிடைக்கும். எனவே வெற்றிடத்திலும் ஒரு பொருள் அளவான வேகத்தோடு செல்லக்கூடும். விண்கோள்கள் எத்தடையுமின்றி அளவான வேகத்தில் சுழல்வதை அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார்.

அவருக்குப் பின் வந்த குர்துபாவின் இப்னு ருஷ்த் இக்கருத்தை ஏற்கவில்லை. ஆயினும் மறுப்பதற்காகவே அதனைத் தம் உரையில் எடுத்தெழுதினார். அவ்வுரை லத்தீன் மொழிக்குச் சென்றபோது இப்னு பாஜ்ஜாவின் கருத்தும் உடன் சென்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இப்னு பாஜ்ஜாவின் பக்கமே சாய்ந்தார். தம் எதிராளியின் சொல்லைச் சிதைக்காது எடுத்தெழுதிய இப்னு ருஷ்தின் நேர்மையால் அன்றோ அக்கருத்து ஐரோப்பாவில் பிழைத்தது! அறிவுலகில் மறுப்பும் ஒரு தொண்டே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

விழும் கல்லைப் பற்றி பக்தாத் சொன்னது

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்தவர் அபுல் பரகாத் அல்பக்தாதி. யூத குடும்பத்தில் பிறந்து, புகழ்பெற்ற மருத்துவராய் விளங்கி, முதுமையில் இஸ்லாத்தைத் தழுவியவர். 'கிதாபுல் முஃதபர்' என்பது அவருடைய பெருநூல். பிறர் சொல்லை அப்படியே ஏற்காது, தாமே ஆய்ந்து உறுதி செய்துகொண்டவற்றைக் கூறும் நூல் என்பது அப்பெயரின் கருத்து. அந்நூல் நம் நாட்டிலேயே, ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா பதிப்பகத்தாரால் ஹிஜ்ரி 1357-1358இல், அதாவது கி.பி. 1938-39இல் மூன்று தொகுதிகளாக அச்சேறியது.

விழுகின்ற கல் ஏன் மேலும் மேலும் விரைகின்றது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. எறிந்த கல்லை விட்டு எறிந்தவனின் கை விலகிவிடுகின்றது; ஆகவே அதில் ஏற்றப்பட்ட மய்ல் புதுப்பிக்கப்படுவதில்லை. விழும் கல்லின் நிலை வேறு. அதனைக் கீழே செலுத்தும் காரணம் அதனை விட்டு விலகுவதே இல்லை. அக்காரணம் கணந்தோறும் புதிய மய்லை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றது. ஒன்றன் மேல் ஒன்றாக மய்ல் சேரச் சேர வேகமும் பெருகுகின்றது.

நிலையான வேகத்திற்கு விசை காரணம் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. இடையறாத விசை இடையறாத வேக மாற்றத்தைத் தரும் என்ற எண்ணத்தின் முதல் நிழலை நாம் அபுல் பரகாத்திடம் காண்கிறோம். இதனை அண்மைக் காலத்தில் உலகறியச் செய்தவர் இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் ஷ்லோமோ பைன்ஸ் ஆவார்.

ஆனால் இவரும் ஓரிடத்தில் வழுவினார். எறிபொருளின் மய்ல் தடையில்லாத வெற்றிடத்திலும் தானாகவே தேய்ந்துவிடும் என்று அவர் கருதினார். இப்னு ஸீனா சரியாகக் கண்ட பாதியை அபுல் பரகாத் விட்டுவிட்டார்; அபுல் பரகாத் சரியாகக் கண்ட பாதி இப்னு ஸீனாவுக்குத் தோன்றவில்லை. இரண்டு பாதிகளும் ஒரே கையில் சேர்வதற்கு இன்னும் ஐந்து நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

அளவுகோல் வந்த கதை

பதினான்காம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் பூரிதான், எறிபொருளில் பதியும் உந்துதலுக்கு 'இம்பெட்டஸ்' என்று பெயரிட்டார். பொருளின் அளவும் வேகமும் மிகுந்தால் அதுவும் மிகும். தடை இல்லையேல் அது நிலைத்திருக்கும் என்றார். இது இப்னு ஸீனாவின் கொள்கையை ஒத்திருப்பது வெளிப்படை. ஆயினும் பூரிதான் அங்கிருந்துதான் பெற்றார் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. ஷிஃபாவின் இயற்பியல் பகுதி லத்தீனில் முழுமையாகப் பெயர்க்கப்படவில்லை. ஒத்திருப்பது வேறு, கடன் பெறுவது வேறு. இவ்வேறுபாட்டை மறவாதிருப்பதே வரலாறு எழுதுவோரின் கடமை.

1590ஆம் ஆண்டளவில் பைசாவில் இளம் ஆசிரியராயிருந்த கலீலியோவும், எறிபொருளில் பதிந்த ஆற்றல், காய்ச்சிய இரும்பின் வெப்பம் போலத் தானே தணியும் என்றே முதலில் எழுதினார். பின்னர் அவர் வாதத்தோடு நில்லாமல் அளக்கத் தொடங்கினார். சாய்ந்த பலகையில் வழவழப்பான பள்ளம் அமைத்து, வெண்கலக் குண்டை உருட்டி, ஒரு கலத்திலிருந்து மெல்லிய தாரையாக வடியும் நீரை நிறுத்து நேரத்தைக் கணித்தார். சம கால இடைவெளிகளில் குண்டு கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற ஒற்றை எண்களின் விகிதத்தில் அமைவதைக் கண்டார். இதனைக் கூறும் அவருடைய நூல் 1638இல் அச்சானது. எங்கே தெரியுமா? இஸ்ஹாக் இப்னு ஹுனைனின் மொழிபெயர்ப்பைப் பாதுகாக்கும் அதே லெய்டன் நகரில்தான்!

1644இல் டெகார்ட், தடையற்ற பொருள் நேர்கோட்டில் செல்லும் என்று வரையறுத்தார். 1687இல் நியூட்டனின் 'பிரின்ஸிப்பியா' வெளிவந்தது. இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டிருக்க விசை வேண்டுவதில்லை. அதன் வேகமோ திசையோ மாறுவதற்கே விசை வேண்டும். எறிந்த கல்லைச் செலுத்துவது எது என்ற பழைய கேள்வி இவ்விடத்தில் உருமாறிற்று. எதுவும் செலுத்தவில்லை என்பதே விடை. அது ஏன் நிற்கின்றது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

முஸ்லிம் உலக அறிஞர்கள் ஏன் இந்த எல்லையை எட்டவில்லை? அளக்கத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். அல்பிரூனி உலோகங்களின், மணிகளின் ஒப்படர்த்தியை நுட்பமாக அளந்தார். இப்னுல் ஹைதம் ஒளியைச் சோதனைக்கு உட்படுத்தினார். ஆனால் அபுல் பரகாத்தின் மய்ல் சொல்லளவிலேயே நின்றது. விழும் கல் முதற்கணத்தில் எவ்வளவு, அடுத்த கணத்தில் எவ்வளவு என்ற கணக்கு அவர் நூலில் இல்லை. கூரிய கேள்வி இருந்தது. அளவுகோல் அதன் பக்கத்தில் வந்து அமரவில்லை.

பிள்ளைகளின் ஏட்டில் பழைய வாதங்கள்

இவ்வரலாறு பழங்கதையாக முடிந்துவிடவில்லை. நம் பிள்ளைகளின் கணக்கேட்டில் அது நாள்தோறும் மீண்டும் நிகழ்கின்றது. மூன்று எளிய கணக்குகளைக் காண்போம்.

முதலாவது: ஒருவர் ஒரு பெட்டியைத் தரையில் 60 நியூட்டன் விசையுடன் மாறா வேகத்தில் தள்ளிச் செல்கிறார். உராய்வு விசை எவ்வளவு? பெட்டி முன்னே செல்வதால் உராய்வு 60ஐ விடக் குறைவாகவே இருக்கும் என்று பலர் எழுதுவர். வேகம் மாறாததால் விசைகள் சமன். உராய்வும் 60 நியூட்டனே. தவறாக எழுதிய மாணவன், தான் அறியாமலே அரிஸ்டாட்டிலின் பள்ளியில் அமர்ந்திருக்கிறான்.

இரண்டாவது: ஒரு கல்லை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டால் அது 2 விநாடிகளில் 20 மீட்டர் உயரத்தை எட்டும். காற்றுத் தடையை விடுத்தால், மேலேறும்போது கல்லின் மீது செயற்படும் விசைகள் யாவை? கை தந்த விசை மேல்நோக்கியும் எடை கீழ்நோக்கியும் என எழுதத் தோன்றும். உச்சியில் இரண்டும் சமனாகிவிட்டன என்றும் தோன்றும். இது அபுல் பரகாத்தின் விடைக்கு நெருங்கிய உறவு. உண்மையில் ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் எடை ஒன்றே விசை. 1982இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் சுண்டிவிட்ட நாணயத்தைப் பற்றி இத்தகைய வினாவையே கேட்டனர். இயக்கவியல் பாடம் கற்குமுன் பெரும்பாலோர், மேல்நோக்கிய விசை ஒன்று உண்டு என்றே விடையளித்தனர்.

மூன்றாவது: மேலிருந்து விடப்பட்ட கல் முதல் விநாடியில் 5 மீட்டரும், இரண்டாவதில் 15 மீட்டரும், மூன்றாவதில் 25 மீட்டரும் விழுகின்றது. 1, 3, 5 என்ற கலீலியோவின் விகிதம் இதில் அப்படியே இருக்கின்றது. எடை எனும் ஒரே விசை விநாடிதோறும் வேகத்தில் 10ஐச் சேர்த்துக்கொண்டே செல்கின்றது. கணந்தோறும் புதிதாய்ச் சேர்கின்றது என்ற பக்தாத் அறிஞரின் சொல் இங்கே எண்களாய்ப் பூத்து நிற்கக் காண்கிறோம்.

இக்கணக்குகளில் தவறும் பிள்ளையை அறிவிலி என்று கடிந்துகொள்ளும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். அப்பிள்ளை சறுக்கிய இடத்தில் இப்னு ஸீனாவும் தயங்கி நின்றார். கலீலியோவும் இளமையில் சறுக்கினார். உன் மனத்தில் எழுந்த எண்ணம் பெரியோர் பலருக்கும் எழுந்ததே. அவர்கள் அதிலிருந்து எப்படி வெளியேறினர் என்று பார் எனச் சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் முகம் மலரும். பாடமும் நெஞ்சில் தங்கும்.

யஹ்யா கிறிஸ்தவர், இப்னு ஸீனா முஸ்லிம், அபுல் பரகாத் யூதராய்ப் பிறந்து முஸ்லிமாய் மறைந்தவர், பூரிதான் மீண்டும் கிறிஸ்தவர். இவர்கள் ஒரு கல்லைப் பற்றி, ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்கிச் சிந்தித்தனர். இச்சங்கிலியில் நம் முன்னோரின் கண்ணிகளை அறுத்தெறிவது அநீதி. சங்கிலி முழுவதும் நமதே என்பதும் அநீதியே. அவரவர் கண்டதை அவரவர்க்கு அளிப்போம். இப்னு ஸீனா பெற்ற பெருமை நியூட்டனை முந்தியதால் வந்ததன்று. தெளிவான விடை இல்லாத காலத்தில், மறைந்து வாழ்ந்த இல்லத்திலும் கேள்வியைக் கைவிடாமல் அதன் கடைசி முனை வரையில் சென்று பார்த்தாரே, அதனால் வந்தது. அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான மரியாதை, அவர் தயங்கி நின்ற கதவை நம் பிள்ளைகள் கணக்கும் சோதனையும் கொண்டு தாமே திறந்து பார்க்கச் செய்வதாகும்.